விலைக்கு வாங்கிய நாடு



ஊரில் ஒருவர் கால் ஏக்கர் நிலம் வாங்கப் போகிறார் என்று வையுங்கள். கையில் உள்ள பணத்தை உடனே எடுத்துக் கொடுத்துவிடுவாரா? மாட்டார். நாலு பேரிடம் விசாரிப்பார். விற்கிறவருக்கு நிலம் சொந்தம்தானா? மூலப் பத்திரம் இருக்கிறதா? நான்கு எல்லை எது எது? வில்லங்கம் ஏதும் உண்டா? இப்போது அதில் பயிர் வைத்திருப்பவர் யார்? இவ்வளவும் கேட்ட பிறகுதான் முன்பணம் கொடுப்பார்.

இன்றைய பேச்சும் ஒரு நிலக் கிரயத்தைப் பற்றியதுதான். ஆனால் அது கால் ஏக்கர் அல்ல. ஏறக்குறைய 53 கோடி ஏக்கர். இன்றைய இந்தியாவை மூன்று பங்காகப் பிரித்தால் சுமார் இரண்டு பங்கு வரும். அவ்வளவு நிலத்தை ஒரே பத்திரத்தில் ஒரு புதிய நாடு வாங்கியது. அந்த நாடு அமெரிக்கா. விற்ற நாடு பிரான்ஸ். கிரயம் நடந்த ஆண்டு 1803. நிலத்தின் பெயர் லூசியானா.

இந்தக் கிரயத்தில் மேலே சொன்ன கேள்விகள் எல்லாம் கேட்கப்பட்டனவா? அதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

வாங்கியவர் யார்?

அமெரிக்கா இன்று பெரிய நாடு. அன்று அது சின்ன நாடு, புதிய நாடு. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த 13 குடியேற்றங்கள் ஒன்று சேர்ந்தன. 1776 ஜூலை 4 அன்று விடுதலை என்று அறிவித்தன. போர் நடந்தது. 1783இல் பிரிட்டன் அவர்களின் விடுதலையை ஒப்புக்கொண்டது.

1800இல் அந்த நாட்டில் தலை எண்ணினார்கள். சுமார் 53 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 9 லட்சம் பேர் அடிமைகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்களின் பிள்ளைகள். பணம் கொடுத்து மனிதரை வாங்கிய காலம் அது. நிலத்தை வாங்கிய கதையைக் கேட்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய நாட்டின் மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறு. நம் கங்கையைவிட நீளமான ஆறு அது. வடக்கே பிறந்து தெற்கே கடலில் கலக்கிறது. ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்கா. மேற்கே லூசியானா. ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் ஒரு துறைமுகம் இருக்கிறது. அதன் பெயர் நியூ ஆர்லியன்ஸ். அந்தத் துறைமுகம் அமெரிக்காவிடம் இல்லை.

ஆற்றை நம்பிய பிழைப்பு

கென்டக்கி, டென்னசி போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் உழவர்கள் குடியேறினார்கள். கோதுமை விளைந்தது. புகையிலை விளைந்தது. பன்றி வளர்த்தார்கள். விளைந்ததை எங்கே விற்பது? கிழக்கே போனால் அப்பலாச்சியன் மலை குறுக்கே நிற்கிறது. மலைப் பாதையில் மூட்டை ஏற்றிப் போனால் வண்டிக் கூலிக்கே விலை சரியாகிவிடும்.

அதனால் ஆற்றுவழியே போனார்கள். மரத்தால் தட்டையான படகு செய்வார்கள். மாவு, இறைச்சி, புகையிலை எல்லாம் ஏற்றுவார்கள். நீரோட்டத்தோடு தெற்கே போவார்கள். நியூ ஆர்லியன்சில் சரக்கை இறக்கிக் கிடங்கில் வைப்பார்கள். கடல் கப்பல் வந்ததும் ஏற்றி அனுப்புவார்கள். எதிர்நீரோட்டத்தில் அந்தப் படகைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. அதனால் படகையும் பிரித்து மரமாக விற்றுவிட்டுப் பலர் நடந்தே ஊர் திரும்புவார்கள்.

அப்போது அந்தத் துறைமுகம் ஸ்பெயின் நாட்டின் கையில் இருந்தது. 1795இல் அமெரிக்கா ஸ்பெயினோடு ஓர் உடன்பாடு செய்தது. அதன்படி சரக்கைக் கிடங்கில் வைக்கும் உரிமை கிடைத்தது. ஆனால் 1802 அக்டோபரில் அங்கிருந்த ஸ்பெயின் அதிகாரி அந்த உரிமையை நீக்கிவிட்டார். உழவர்கள் கொதித்தார்கள். விளைச்சல் வீட்டில் இருக்கிறது. விற்க வழி இல்லை. சண்டை போட்டாவது துறைமுகத்தைப் பிடியுங்கள் என்று சிலர் கூவினார்கள்.

பத்திரம் கை மாறிய கதை

லூசியானா யாருடையது? 1682இல் ஒரு பிரெஞ்சுக்காரர் மிசிசிப்பி ஆற்றில் படகில் கடல்வரை வந்தார். அவர் பெயர் லா சால். கரையில் நின்று, இந்த ஆறு பாயும் நிலம் எல்லாம் எங்கள் அரசருக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அரசரின் பெயர் லூயி. அதனால் நிலத்துக்கு லூசியானா என்று பெயர் வைத்தார். அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்து வந்தார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதுதான் அந்த நிலத்தின் மூலப் பத்திரம்!

1762இல் பிரான்ஸ் அதை ஸ்பெயினுக்குக் கொடுத்தது. 1800இல் ஓர் இரகசிய உடன்பாட்டின் மூலம் திரும்ப வாங்கியது. அப்போது பிரான்சை ஆண்டவர் நெப்போலியன். லூசியானாவை வேறு எந்த நாட்டுக்கும் கொடுக்க மாட்டோம் என்று பிரான்ஸ் ஸ்பெயினுக்கு வாக்குக் கொடுத்தது.

இரகசியம் அதிக நாள் நிற்கவில்லை. அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் கவலைப்பட்டார். ஸ்பெயின் வலுக் குறைந்த அண்டைவீட்டுக்காரர். நெப்போலியன் வலிமை மிகுந்தவர். துறைமுகம் அவர் கைக்குப் போனால் ஆற்றின் கழுத்தைப் பிடித்தது போல் ஆகிவிடும். எனவே ஜெபர்சன் ஒரு முடிவுக்கு வந்தார். நியூ ஆர்லியன்சை விலைக்குக் கேட்டுப் பார்ப்போம். பாரிசில் இருந்த தூதர் ராபர்ட் லிவிங்ஸ்டன் பேச்சைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக ஜேம்ஸ் மன்றோ அனுப்பப்பட்டார்.

ஒரு தீவில் எழுந்த கிளர்ச்சி

நெப்போலியன் ஏன் விற்க வேண்டும்? அதற்கான காரணம் லூசியானாவில் இல்லை. கடலுக்கு நடுவே ஒரு தீவில் இருந்தது.

கரீபியன் கடலில் செயின்ட் டொமிங்கோ என்ற பிரெஞ்சுக் குடியேற்றம் இருந்தது. கரும்பும் காப்பியும் அங்கே கொழித்தன. பிரான்சுக்கு அது பணம் காய்க்கும் மரம். அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள். 1791 ஆகஸ்டில் அந்த அடிமைகள் எழுந்தார்கள். அவர்களிடமிருந்து டூசான் லூவர்டூர் என்ற தலைவர் உருவானார். அவரும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர்.

தீவை மறுபடி அடக்க நெப்போலியன் பெரிய படையை அனுப்பினார். 1802இல் டூசானைப் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7 அன்று அவர் சிறையிலேயே இறந்தார். ஆனால் போராட்டம் நிற்கவில்லை. இன்னொரு எதிரியும் பிரெஞ்சுப் படையைத் தாக்கியது. அது மஞ்சள் காய்ச்சல். ஒரு கொசு கடித்துப் பரவும் நோய் அது. இன்று டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் அதே கொசுதான். அன்று இது யாருக்கும் தெரியாது. படைவீரர்கள் ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்கள். படைத் தளபதியும் 1802 நவம்பரில் அதே காய்ச்சலில் இறந்தார். 1804 ஜனவரி 1 அன்று அந்த நாடு ஹெய்ட்டி என்ற பெயரில் விடுதலை பெற்றது.

நெப்போலியனின் கணக்கு தவறிவிட்டது. தீவுக்குத் தானியமும் மரமும் அனுப்பும் களஞ்சியமாக லூசியானா இருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். தீவே போன பிறகு களஞ்சியம் எதற்கு? மேலும் பிரிட்டனோடு போர் வரப்போகிறது. போர் வந்தால் பிரிட்டன் கப்பற்படை லூசியானாவைப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கிக்கொண்டு போவதற்கு முன் விற்றால் பணமாவது மிஞ்சும். போருக்கும் பணம் வேண்டும். விற்றுவிட முடிவு செய்தார்.

அவருடைய அண்ணன் ஜோசப்பும் தம்பி லூசியனும் இதை எதிர்த்தார்கள். நாட்டின் மன்றத்தைக் கேட்காமல் விற்கக் கூடாது என்றார்கள். நெப்போலியன் அப்போது குளியல் தொட்டியில் இருந்தாராம். கோபத்தில் தொட்டித் தண்ணீர் இருவர் மேலும் தெறித்ததாம். லூசியன் பிற்காலத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறார். மன்றத்தைக் கேட்காமலேயே விற்பனை நடந்தது.

கேட்டது ஊர், கிடைத்தது நாடு

1803 ஏப்ரல் 11 அன்று பிரெஞ்சு அமைச்சர் டாலிரான் தூதர் லிவிங்ஸ்டனிடம் ஒரு கேள்வி கேட்டார். லூசியானா முழுவதையும் எடுத்துக்கொண்டால் என்ன விலை தருவீர்கள்? லிவிங்ஸ்டன் திகைத்துப் போனார். அவர் கேட்டது ஒரு துறைமுகம். கொடுக்கிறேன் என்று சொன்னது ஒரு நாடு. அடுத்த நாள் மன்றோ பாரிஸ் வந்து சேர்ந்தார்.

அவ்வளவு வாங்க இருவருக்கும் அதிகாரம் இல்லை. ஊருக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம் என்றால் கப்பலில் போய்வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நெப்போலியன் மனம் மாறிவிட்டால்? துணிந்து சரி என்றார்கள். பேரம் நடந்தது. ஏப்ரல் 30 தேதியிட்ட பத்திரம் தயாரானது.

விலை 8 கோடி பிராங்க். அமெரிக்கப் பணத்தில் 1 கோடியே 50 லட்சம் டாலர். இதில் 1 கோடியே 12½ லட்சம் டாலர் பிரான்சுக்கு. மீதி 37½ லட்சம் டாலர் வேறு கணக்கு. அமெரிக்கக் கப்பல்களைப் பிரான்ஸ் பிடித்த வகையில் அமெரிக்க வணிகர்களுக்குப் பாக்கி இருந்தது. அதை அமெரிக்க அரசே கொடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஏக்கருக்கு எவ்வளவு ஆகிறது? ஏறக்குறைய 3 சென்ட். நம் ஊரில் நிலம் அளக்கும் சென்ட் அல்ல இது. டாலரில் நூறில் ஒரு பங்கான காசு.

பணம் எங்கிருந்து வந்தது?

விலை மலிவுதான். ஆனாலும் வாங்குகிறவர் கையில் அவ்வளவு பணம் இல்லை. அமெரிக்க அரசின் ஓராண்டு வருமானத்தைவிட இந்த விலை அதிகம். ஆகவே கடன்.

நூற்றுக்கு 6 வட்டி என்று அமெரிக்கா கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. லண்டனில் பேரிங், ஆம்ஸ்டர்டாமில் ஹோப் என்ற இரண்டு வங்கி நிறுவனங்கள் அந்தப் பத்திரங்களை வாங்கிக்கொண்டன. நெப்போலியனுக்குப் பணம் கொடுத்தன. 1803 மே மாதம் பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்கின. லண்டன் வங்கியின் பணம் லண்டனுக்கு எதிரான போருக்கே பயன்பட்டது! லாபம் வரும் இடத்தில் வங்கி நாட்டைப் பார்க்கவில்லை.

வட்டியோடு சேர்த்துப் பார்த்தால் அமெரிக்கா கொடுத்த தொகை 2 கோடி டாலரைத் தாண்டியது. கடன் வாங்கி நிலம் வாங்கினால் விலை என்பது பத்திரத்தில் எழுதிய விலை மட்டும் அல்ல. வட்டியும் விலைதான்.

ஜெபர்சனுக்கு இன்னொரு சங்கடம். வெளிநாட்டு நிலத்தை வாங்க அரசியல் சட்டத்தில் இடம் இருக்கிறதா? சட்டத்தில் சொல்லாததை அரசு செய்யக் கூடாது என்று வாதாடியவர் அவர். சட்டத்தைத் திருத்தலாம் என்று முதலில் நினைத்தார். தாமதித்தால் கை நழுவிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். திருத்தத்தை விட்டுவிட்டார். 1803 அக்டோபர் 20 அன்று மேல்சபை வாக்களித்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 7. டிசம்பர் 20 அன்று நியூ ஆர்லியன்சில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அமெரிக்கக் கொடி ஏறியது. நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

எல்லை எங்கே?

இப்போது நான்கு எல்லைக்கு வருவோம். இத்தனை பெரிய கிரயத்தில் எல்லை சரியாக எழுதப்படவில்லை. முன்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு என்றுதான் எழுதியிருந்தது. எல்லை எது என்று லிவிங்ஸ்டன் கேட்டார். டாலிரான் நேராகப் பதில் சொல்லவில்லை. நல்ல பேரம் கிடைத்திருக்கிறது, முடிந்தவரை பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் பேசி நழுவினார். வடக்கு எல்லையைப் பிரிட்டனோடு 1818இல் பேசி முடிக்க வேண்டி வந்தது. தெற்கு, மேற்கு எல்லைகளை ஸ்பெயினோடு 1819இல் பேசி முடித்தார்கள்.

நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதும் வாங்கியவருக்குத் தெரியாது. பார்த்து வர லூயிஸ், கிளார்க் என்ற இருவரின் தலைமையில் ஒரு குழு போனது. 1804 மே மாதம் புறப்பட்டு 1806 செப்டம்பரில் திரும்பியது. வழியில் அவர்களோடு சகாகவேயா என்ற பெண் சேர்ந்தார். ஷோஷோன் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். கைக்குழந்தையை முதுகில் சுமந்தபடி நடந்தார். மொழி பெயர்த்துச் சொன்னார். உண்ணக்கூடிய கிழங்கு எது என்று காட்டினார். வாங்கியவருக்குத் தெரியாத நிலம் அவளுக்குத் தாய்வீடு.

அங்கே குடியிருந்தவர்கள்

கடைசிக் கேள்வி இதுதான். நிலத்தில் இருந்தவர் யார்?

நியூ ஆர்லியன்ஸ் பக்கம் பிரெஞ்சும் ஸ்பானியமும் பேசும் மக்கள் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும். உடன்பாட்டில் எங்களுக்குக் குடியுரிமை உண்டு என்று எழுதியிருக்கிறதே என்று 1804இல் மனு எழுதினார்கள். தலைநகருக்கு ஆள் அனுப்பினார்கள். 1812இல் லூசியானா ஒரு மாநிலம் ஆனது.

பழங்குடி மக்களின் நிலை வேறு. ஓசேஜ், பானி, மாண்டன், சியூ என்று பல இனங்கள் அங்கே வாழ்ந்தன. வேட்டையும் வேளாண்மையும் அவர்கள் வாழ்க்கை. அந்த மண்ணின் பெரும்பகுதியில் பிரெஞ்சுக்காரர் கால் வைத்ததே இல்லை. உண்மையில் பிரான்ஸ் விற்றது என்ன? வேறு ஐரோப்பிய நாடு இங்கே வரக் கூடாது, பழங்குடியினரிடம் நிலத்தை வாங்கும் உரிமை உனக்கு மட்டும்தான் என்ற உரிமையைத்தான். நிலத்தை மறுபடியும் உண்மையான சொந்தக்காரர்களிடமிருந்து பெற வேண்டியிருந்தது. சில இடங்களில் சிறு தொகை கொடுத்தார்கள். பல இடங்களில் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். சில இடங்களில் துப்பாக்கி பேசியது.

1830இல் ஒரு சட்டம் வந்தது. மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த பழங்குடி மக்களை மேற்கே அனுப்பும் சட்டம். 1838, 1839இல் செரோக்கி மக்கள் ஆயிரக்கணக்கில் நடத்திக் கொண்டுபோகப்பட்டார்கள். குளிரிலும் நோயிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களைக் குடியமர்த்திய இடம் லூசியானாவாக வாங்கிய நிலம்தான்.

அடிமைகளின் துயரமும் பெருகியது. புதிய நிலத்தில் பருத்தியும் கரும்பும் பயிரிட மேலும் மேலும் அடிமைகளைக் கொண்டுபோனார்கள். புது மாநிலங்களில் அடிமை முறை வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை வளர்ந்தது. 1820இல் ஒரு சமரசம் செய்தார்கள். அது நிலைக்கவில்லை. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 6 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 1865இல்தான் அடிமை முறை ஒழிந்தது. ஏக்கர் 3 சென்ட் என்ற கணக்கில் இந்த உயிர்களைச் சேர்க்கவில்லை.

பிறகு நடந்த கிரயங்கள்

அமெரிக்கா மேலும் நிலம் வாங்கியது. 1853இல் மெக்சிகோவோடு ஓர் உடன்பாடு செய்தது. இரயில் பாதைக்காக ஒரு துண்டு நிலத்தை 1 கோடி டாலருக்கு வாங்கியது. 1867இல் ரஷ்யாவிடம் அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. பனிக்கட்டிக்குப் பணமா என்று அன்று சிலர் கேலி செய்தார்கள். பிறகு தங்கம் கிடைத்தது. 1968இல் பெரிய எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. 1971இல் அலாஸ்காவின் பூர்வகுடி மக்களுக்கு 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலமும் 96 கோடி டாலருக்கு மேல் பணமும் தர ஒரு சட்டம் வந்தது. கிரயம் முடிந்து 104 ஆண்டுகளுக்குப் பிறகு!

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் ஊரும் மக்களும் சேர்ந்தே விலை போயிருக்கிறார்கள். 1845இல் டென்மார்க் நாடு தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் ஆங்கிலக் கம்பெனிக்கு 12½ லட்சம் ரூபாய்க்கு விற்றது. 1846இல் அமிர்தசரஸ் உடன்படிக்கைப்படி கம்பெனி காஷ்மீரை 75 லட்சம் ரூபாய்க்கு குலாப் சிங்குக்குக் கொடுத்தது. அந்த ஊர்களில் உழுதவர்களையும் நெய்தவர்களையும் யாரும் கேட்கவில்லை.

வாங்காத பணம்

லூசியானாவாக வாங்கிய நிலத்தில் பிளாக் ஹில்ஸ் என்ற கருமலைகள் இருக்கின்றன. சியூ மக்களுக்கு அது புனித மலை. 1868இல் அமெரிக்க அரசு ஓர் உடன்படிக்கை எழுதியது. அந்த மலை சியூ மக்களுக்கே என்று ஒப்புக்கொண்டது. 1874இல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. 1877இல் அரசு மலையை எடுத்துக்கொண்டது.

சியூ மக்கள் அந்த உடன்படிக்கைத் தாளை மறக்கவில்லை. பல பத்தாண்டுகள் வழக்கு நடத்தினார்கள். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எடுத்துக்கொண்டதற்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் வந்தது. சியூ மக்கள் அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. மலை விற்பனைக்கு இல்லை, மலையைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். அவர்களில் பலர் ஏழைகள். பணம் அரசுக் கணக்கில் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருந்தது.

1803இல் பாரிசில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இன்று இல்லை. அவர்கள் எழுதாமல் விட்ட கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது. நிலத்தில் இருப்பவரைக் கேட்டீர்களா?

எனவே எந்தப் பத்திரம் உங்கள் முன்னால் வந்தாலும் வாசியுங்கள். எல்லையைப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்றும் பாருங்கள். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உழவர்களுக்கு மிசிசிப்பி ஆறு ஏன் முக்கியம்? உங்கள் ஊர் விளைச்சல் எந்த வழியில் சந்தைக்குப் போகிறது?
2. ஹெய்ட்டித் தீவின் அடிமைகள் போராடியதற்கும் லூசியானா விற்பனைக்கும் என்ன தொடர்பு?
3. சியூ மக்கள் பணத்தை மறுத்தது சரியா? ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்லுங்கள்.
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பத்திரத்தை எடுத்து, நான்கு எல்லையையும் வாசித்துக் காட்டுங்கள்.